கல்லாப்பெட்டியும் கச்சேரிதான்

சத்தம் போடாமல் வாருங்கள், கதவிடுக்கில் எட்டிப் பார்ப்போம். லண்டனில் ஒரு வீட்டுத் தோட்டக் கொட்டகை. நெட்டையான ஒரு மனிதர், மட்பாண்டம் செய்யும் தன் மனைவியின் பெரிய கிண்ணத்துக்குள் சில்லறைக் காசை வீசி வீசி எறிகிறார். பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது. பைத்தியமில்லை ஐயா, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ்!

அந்தக் காசுச் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டியின் ‘டிங்’ எல்லாவற்றையும் நாடாவில் பதிந்து, அடிக்கோல் வைத்து அளந்து, வெட்டி ஒட்டி, வளையமாகச் சுழல விட்டார்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) ஆல்பத்தில் ‘மனி’ பாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. ஏழு எண்ணிக்கை! மிஸ்ர சாப்புக்குத் தொடை தட்டிப் பழகியவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. மற்றவர்கள் நாலில் எண்ணத் தொடங்கித் தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது தனி வேடிக்கை. நடுவில் கித்தார் எழும்பும்போது பாட்டே நாலுக்கு மாறிவிடும், அப்போது மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இன்னும் உள்ளே போகலாமா? ஆபி ரோடு ஸ்டூடியோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளேர் டோரி என்ற இளம் பாடகியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் கொடுக்க ஒரு வரி கூட இல்லை, “சும்மா பாடும்மா” என்கிற கதைதான். அவர் அழுகையும் ஆவேசமுமாய் ஆலாபனை செய்கிறார். முடித்துவிட்டு, ரொம்பக் கத்திவிட்டோமோ என்று கூசி மன்னிப்பு வேறு கேட்கிறார். கூலி 30 பவுண்டு. முப்பதே முப்பது! பின்னாளில் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாகி, அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் ஏறியது. ஆல்பமோ 1988க்குள் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 741 வாரம் உட்கார்ந்து எழுந்துவிட்டது.

ஆல்பத்தின் கடைசியில் ஒரு குரல் முணுமுணுக்கும், கவனியுங்கள். அது ஸ்டூடியோவின் வாயிற்காவலர். பால் மெக்கார்ட்னியிடமும் கேள்வி கேட்டுப் பதிந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காவலாளி பேச்சை வைத்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல முடிவை எந்த இசைக்குழுவும் எடுத்ததில்லை என்பேன்.

அதே கல்லாப்பெட்டிச் சத்தம் 2007இல் மறுபடி ஒலித்தது, இந்த முறை ஒரு தமிழ்ப் பெண் கையில்! எம்.ஐ.ஏ., அதாவது மாயா அருள்பிரகாசம், தன் அம்மா பெயரையே வைத்த ‘கலா’ ஆல்பம். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் துப்பாக்கி வெடிக்கும், கல்லா திறக்கும், லண்டன் பிரிக்ஸ்டன் பிள்ளைகள் கோரஸ் பாடுவார்கள், அடியில் ‘தி கிளாஷ்’ குழுவின் பழைய கித்தார் ஓடிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்க விசா கிடைக்காததில் விளைந்த ஆல்பம் இது. கிடைத்திருந்தால் அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் வேலை முடிந்திருக்கும். கிடைக்காமல் ஊர் ஊராகச் சுற்றினார், சென்னைக்கு வந்தார், ரஹ்மானின் ஸ்டூடியோவில் உறுமி அடிப்பவர்களை உட்கார வைத்தார். மலேசியாவில், கூலாயில் வளர்ந்த காதுக்கு ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. காவடிக்கு முன்னால் வேர்க்க விறுவிறுக்க நம் பையன்கள் அடிக்கிறார்களே, அந்தத் தோல்தான், அந்த உறுமல்தான்! இன்னொரு ரகசியம்: முதல் பாட்டு ‘பேம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்து இளையராஜா ஒளிந்திருக்கிறார். கண்டுபிடித்ததும் எதிரே இருப்பவரைக் கிள்ளாமல் இருக்க முடியாது.

கையில் கிடைத்ததையெல்லாம் வாத்தியமாக்கியவர்கள் இவர்கள் மட்டுமில்லை. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982) எல்லோரும் கேட்டதுதான். ஆனால் ‘பீட் இட்’ பாட்டின் கலைஞர் பட்டியலைப் பாருங்கள்: டிரம் பெட்டியைத் தட்டியவர், மைக்கேல் ஜாக்சன்! டிரம்மை இல்லை, அதை வைக்கிற பெட்டியை. அதே பாட்டில் கித்தாரால் தீ மூட்டிய எடி வான் ஹேலன் காசே வாங்கவில்லை.

நம் நாட்டுப் பெயரைச் சொல்லாமல் போனால் பினாங்குக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘ஆலிகேட்ஸ்’ ஹாங்காங் மேடைகளில் பழகித் திரும்பி, மலாய்ப் பாப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. லோகநாதன் 2007இல் மறைந்தார், அந்தக் குரல் இன்னும் எல்லா இனத்தார் கல்யாணத்திலும் கேட்கிறது. யோகி பி, டாக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் மூவரின் ‘வல்லவன்’ ஆல்பம் (2006) வந்தபோது, 1980இன் ‘நிழல்கள்’ படப் பாட்டு ராப் சட்டை போட்டுக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போனது. அடுத்த ஆண்டே யோகி பி ‘பொல்லாதவன்’ படத்தில்! நம் பிள்ளைகள் கோடம்பாக்கத்துக்குப் பாட்டு அனுப்பிய காலம் அது. அதைக் கேட்காத மலேசியத் தமிழரை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பிங்க் ஃபிளாய்டும் ‘த்ரில்லரும்’ ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கூலாயிலிருந்து விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பாலத்து நெரிசலில் அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி, பாட்டைத் தாண்டித் தாண்டிப் போகாமல், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ‘கலா’.