மூடின கதவுக்குத் திட்டி வாசல்!

2025 தீபாவளிக்கு வேதாரண்யத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எண்ணெய்க் குளியல், அதிரசம், மறுநாள் மீன் குழம்பு என்று ஒரு தம்பிக்கு உண்டான சகல பாத்தியதைகளோடும் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா மகள் ஓடி வந்தாள்.

"மாமா, கம்ப்யூட்டர் செத்துப் போச்சு!"

பதறிப்போய் உள்ளே ஓடினால், அது சாகவில்லை. ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு அறிவிப்பு மட்டும். சாராம்சம் இதுதான்: விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ம் தேதியோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இந்தக் கம்ப்யூட்டருக்கு அதற்கான தகுதி இல்லை.

"பொண்ணு பார்க்க வந்தவங்க பஜ்ஜி சாப்பிட்டுட்டு ஜாதகம் பொருந்தலைன்னு சொன்ன மாதிரி இருக்கே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை. அந்த லேப்டாப்பில்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு மனு எழுதித் தருவாள். உப்பளத் தொழிலாளிக்கு நலவாரியப் பதிவு, மழைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பம், கல்லூரிப் பிள்ளைக்கு உதவித்தொகை... எல்லாம் அதில்தான். "கடையில கேட்டேன் மாமா. இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னுட்டாங்க."

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். மூடியில் தமிழக அரசின் கோபுர முத்திரை பாதி தேய்ந்திருந்தது. ஆமாம் ஸார், விலையில்லா மடிக்கணினி! 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒன்று, அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது இந்த வீட்டுக்கு வந்தது. அப்போது அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத சிக்கனப் பதிப்பு! 2016-ல் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 10-ஐ நான்தான் அதில் ஏற்றினேன். ஆக, வைத்தியமும் என் தலையில்தான் விடிந்தது.

ஆதரவு என்றால் என்ன?

தேதி முடிந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. விண்டோஸ் என்பது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற மேஸ்திரி. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். இதைக் கூரை வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் இற்றுப்போன கீற்றை மாற்றுகிறோம் அல்லவா? அப்படி மாதாமாதம் கண்டுபிடிக்கிற ஓட்டைகளைக் கம்பெனி அடைத்துக்கொண்டே வரும். அதுதான் ஆதரவு. "இனிமேல் கீற்று மாற்ற மாட்டோம்" என்று சொன்னால் வீடு விழாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகும்.

அக்கா மகள் லேப்டாப்பில் ஒழுகினால் நனைவது அவள் மட்டுமில்லை. ஊரார் ஆதார் எண், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் அதற்குள் வந்து போகிறது. விஷயம் அங்கேதான் விளையாட்டில்லாமல் போகிறது.

சரி, விண்டோஸ் 11 ஏன் மாட்டேன் என்கிறது? 2021 அக்டோபரில் வந்த அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்க டி.பி.எம். 2.0 என்ற ஏற்பாடு வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது 2017 வாக்கில் வந்ததோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ராம் 4 ஜி.பி.யாவது வேண்டும். 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. அக்கா மகளுடையதில் டி.பி.எம். கிடையாது. ராம் 2 ஜி.பி. அதில் ஓடுகிற விண்டோஸ் 10-ம் 32 பிட். எல்லாப் பாடத்திலும் ஃபெயில்!

அகஸ்தியம்பள்ளி ரயில் ஞாபகம் வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து இங்கே வந்த மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க மூடினார்கள். வருஷக் கணக்கில் ரயிலே இல்லை. 2023 ஏப்ரல் 8-ல்தான் புதுப் பாதையைத் திறந்து வைத்தார்கள். பாதை அகலமாகிவிட்டால் பழைய பெட்டிகளுக்கு வேலையில்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கும், தண்டவாளம் சேராது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு சௌகரியம்: நாம் வேறு தண்டவாளம் போட்டுக்கொள்ளலாம்!

கொல்லைப்புற வழி

சுவரேறிக் குதிக்கிற வழியும் உண்டு. 2021-ல் மைக்ரோசாஃப்டே ஒரு குறுக்கு வழியைத் தன் உதவிக் குறிப்பில் போட்டிருந்தது, பிறகு எடுத்துவிட்டது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, தகுதிச் சோதனையை நீக்கிய விண்டோஸ் 11-ஐப் பென் டிரைவில் தயாரித்து ஏற்றுகிறவர்கள் நிறைய. ஆப்பிள் கம்ப்யூட்டர்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. கைவிடப்பட்ட பழைய மேக்குகளில் புது சிஸ்டத்தை ஏற்ற ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாறு வருஷத்துக் கம்ப்யூட்டர், 8 ஜி.பி. ராம் என்றால் இது ஓரளவு சரிப்படும். ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அடுத்தடுத்த மேம்பாடுகள் வந்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. 2024-ல் வந்த பதிப்பு, மிகப் பழைய சில பிராசஸர்களில் எழுந்திருக்கவே மறுத்தது. அதில்லாமல், 2 ஜி.பி. ராமில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது, கட்டை வண்டியில் கல்யாண கோஷ்டியை ஏற்றுகிற மாதிரி. நகரும்... முகூர்த்தத்துக்குப் போய்ச் சேராது.

அவகாசம் வாங்குகிற வழியும் இருந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு ஒட்டுகள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது வாய்தா, விடுதலை இல்லை.

மிச்சம் இருந்தது லினக்ஸ். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகமே கைகொடுத்து வளர்த்தது. காசு கிடையாது. பல வகை உண்டு. பழைய கம்ப்யூட்டருக்கென்றே எடை குறைந்தவையும் உண்டு. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் குறைந்தது 2 ஜி.பி., சௌகரியமாக இருக்க 4 ஜி.பி. ராம் போதும். பழைய லேப்டாப் ஒன்றிலிருந்து கழற்றிய ராமை வாங்கி மாட்டி, நாலாக்கினேன். லினக்ஸில் இன்னொரு சுகம்: ஏற்றுவதற்கு முன்னால் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன். வைஃபை வந்தது, சத்தம் வந்தது, யூ டியூபும் வந்தது. "அட!" என்றாள் அக்கா மகள்.

ஒரு விநாடி

அடுத்தது நிரந்தரமாக ஏற்றுவது. கேள்வி மேல் கேள்வி கேட்டது; மளமளவென்று பதில் கொடுத்தேன். கடைசியில், 'வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவட்டுமா?' என்றது. எனக்கோ கெத்து ஏறிவிட்டது. மவுஸை அந்தப் பொத்தான் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

அப்போது அக்காவின் மாமியார் காப்பியோடு வந்தார். "தம்பி, அதுக்குள்ளதானே நம்ம மாந்தோப்புப் படமெல்லாம் இருக்கு? ஒண்ணும் ஆயிடாதே?"

கை அப்படியே நின்றது.

2018 பொங்கலுக்கு அக்கா மகள் செல்போனில் எடுத்த படங்கள் அவை. தாத்தா வைத்து வளர்த்த ஒட்டு மாமரங்கள், தென்னை, நடுவில் துண்டை உதறிக்கொண்டு தாத்தா. அந்த வருஷம் நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் இந்தப் பக்கம் கரையேறியது. விடிந்தபோது தோப்பு இல்லை. ஒரு மரம் நிற்கவில்லை. தாத்தாவும் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. செல்போன் எப்போதோ போய்விட்டது. அன்று ராத்திரி உரச் சாக்கில் சுற்றி நெல் குதிருக்குள் இறக்கி வைத்த இந்த லேப்டாப் மட்டும் தப்பியது. புயலுக்குத் தப்பிய தோப்பை நான் ஒரு பொத்தானில் சாய்க்க இருந்தேன்!

"ஒண்ணும் ஆகாது அத்தை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பொத்தானை விட்டுவிட்டு வெளியே வந்து, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பென் டிரைவில் ஓடுகிற லினக்ஸிலிருந்தே பழைய வட்டைத் திறக்கலாம். விண்டோஸ் எழுந்திருக்காவிட்டாலும் திறக்கலாம். இது தெரியாமல் படங்களைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று பென் டிரைவில், இன்னொன்று வெளி வட்டில். இரண்டையும் வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தேன். தாத்தா துண்டை உதறிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் பொத்தானை அமுக்கினேன்.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் சரி, இதை மட்டும் மறக்காதீர்கள்: பிரதி எடுத்தேன் என்பது போதாது. திறந்து பார்த்தேன் என்றால்தான் கணக்கு.

நெய்க்கு அலைந்த கதை

அரை மணியில் வேலை முடிந்தது. உடனே சொர்க்கம் வந்துவிடவில்லை. பிரின்டர் அரை நாள் முரண்டு பிடித்தது. பழைய மனுக்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தாகக் கொட்டியது. அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றே 2010-லிருந்து வருஷங்கள் ஓடிவிட்டன. நாம்தான் பழசை விடவில்லை. மாற்றி எடுத்தோம். தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலும் கிடைப்பதால் தட்டச்சுக்குக் கஷ்டமில்லை. ஆனால் டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள் யோசித்துத்தான் இறங்க வேண்டும். அது விண்டோஸுக்கென்றே செய்தது.

ராத்திரி எல்லாம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, இது வந்த புதுசுல ஆன் பண்ணினா ரெண்டு பேர் காட்டுமே... ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு என்ன மாமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த இன்னொன்று பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கியது. மத்திய அரசு நிறுவனம். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து அதையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிந்தபோது, தன் அலுவலகங்களுக்கே பாஸ் லினக்ஸைச் சிபாரிசு செய்தது தமிழக அரசு. வெண்ணெயைக் கையில் கொடுத்திருந்தார்கள். நாம் நெய்க்கு அலைந்திருக்கிறோம்!

"அதை அழிச்சது யாரு மாமா?"

"யாரோ" என்றேன். 2013-ல், சினிமாப் படங்கள் வைக்க இடம் போதவில்லை என்று அழித்தவன் அடியேன்தான். இந்தப் பத்திரிகையை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. விண்டோஸ் 10 முடிவதால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணக்குச் சொன்னது. அதில் எத்தனை பெட்டிக்குள் எத்தனை மாந்தோப்பு இருக்கிறதோ!

மறுநாள் வேதாரண்யேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். வேதங்கள் பூஜை செய்து அடைத்துவிட்டுப் போன கதவாம். ஜனங்கள் பக்கத்தில் திட்டி வாசல் வைத்து வந்து போய்க்கொண்டிருந்தார்களாம். அப்பர் பாடித்தான் பெரிய கதவு திறந்தது என்பது தல புராணம். எனக்குப் பாட வராது. ஆகவே திட்டி வாசலோடு நிறுத்திக்கொண்டேன்.

வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். அந்த விளக்குக்கும் ஒரு கதை உண்டு. நெய் தின்ன வந்த எலி ஒன்று, அணையப் போன திரியைத் தெரியாமல் தூண்டிவிட்டது. அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. மீன் குழம்புக்கு வந்து, மவுஸைப் பிடித்து, அணையப் போன லேப்டாப்பைத் தூண்டிவிட்டவன் நான். எனக்கும் ஏதாவது புண்ணியம் இருக்கும்.

சக்கரவர்த்திப் பதவி மட்டும் வேண்டாம். கடைசியில் தலையில் கால் வைத்துவிடுவார்கள்!