செமினார் ஹால் சாவி யார் கையில்?

சிவகாசியில எந்தத் தெருவுல நடந்தாலும் அச்சகச் சத்தம் கேட்கும். காலண்டர், டைரி, நோட்டு அட்டை, கட்சி போஸ்டர் எல்லாம் வரிசையா ஓடிட்டு இருக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் அச்சடிச்சுக் கொடுக்கிற ஊர் இது. ஆனா அதே ஊர்ப் பிள்ளைங்க கல்லூரி நோட்டீஸ் போர்டுல ஒரு ஏ4 தாளை ஒட்டணும்னா ஒரு கையெழுத்து வேணும், ஒரு சீல் வேணும், கூடவே "மேல கேட்டுச் சொல்றேன்"ங்கிற பதிலுக்காகக் காத்திருக்கணும்.

அந்த சீலைத் திட்டுறதுக்காக இதை எழுதல. எந்த அனுமதி நியாயமானது, எந்த அனுமதி மறுப்பு நியாயம் இல்லாததுன்னு நீங்களே பிரிச்சுப் பார்க்கணும். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம்?

பேச வாய் இருந்தா போதாது, நாலு பேர் கூடிக் கேட்க ஓர் இடமும் வேணும். இது நம்ம மாவட்டத்துக்கு நல்லாவே தெரிஞ்ச பாடம். 1956 ஜூலை 27-ல் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு'ன்னு பேர் வைக்கணும் என்பது அவருடைய முக்கியமான கோரிக்கை. விருதுநகர் தேசபந்து மைதானத்துல, போறவர்றவங்க எல்லாரும் பார்க்கிற இடத்துலதான் அந்தப் போராட்டம் தொடர்ந்தது. அக்டோபர் 13-ல் அவர் உயிர் பிரிந்தது. 1969 ஜனவரி 14-ல் மாநிலத்தின் பேர் மாறியது. அவர் வீட்டுக்குள்ள உட்கார்ந்து பட்டினி கிடந்திருந்தா அந்தக் குரல் எத்தனை பேருக்குப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதே விருதுநகர்ல 1967 தேர்தலில் காமராஜரைத் தோற்கடிச்சது பெ. சீனிவாசன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல மாணவர் தலைவரா இருந்தவர். வித்தியாசம் 1,285 ஓட்டு. மாணவர்கள் பேசுறது ஏன் சிலருக்குப் பயமா இருக்குங்கிறதுக்கும், ஏன் சிலருக்கு நம்பிக்கையா இருக்குங்கிறதுக்கும் காரணம் இங்கேயே இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(1)(ஆ) ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. இரண்டுக்கும் 'நியாயமான கட்டுப்பாடு' உண்டு. பேச்சைக் கட்டுப்படுத்த 19(2) ஒரு பட்டியல் கொடுக்குது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பிற நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். அந்தப் பட்டியலில் 'காலேஜ் பேர் கெட்டுடும்' என்பது கிடையாது.

உடனே குஷி ஆகிடாதீங்க. பேச உரிமை இருக்குங்கிறது வேற, 'இந்த இடத்துலதான் பேசுவேன்'ங்கிறது வேற. இதுக்கு இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்கணும்.

முதலாவது, 1969-ல் வந்த நிரஞ்சன் சிங் வழக்கு. ரயில்வே வளாகத்துக்குள்ள தொழிற்சங்கக் கூட்டம் போட்டதுக்காக ஓர் ஊழியர் மேல நடவடிக்கை எடுத்தாங்க. பேச்சுரிமை இருக்கு என்பதற்காக அடுத்தவருக்குச் சொந்தமான இடத்தில் நினைத்தபடி கூட்டம் நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரி நிர்வாகங்களுக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு இதுவாத்தான் இருக்கும்.

இரண்டாவது, 1972-ல் வந்த ஹிம்மத்லால் ஷா வழக்கு. அகமதாபாத்துல பொதுத் தெருவுல கூட்டம் நடத்த போலீஸ் அனுமதி மறுத்தது. முன்அனுமதி கேட்கச் சொல்வது தப்பில்லை, ஆனால் எந்த அளவுகோலும் இல்லாமல் ஓர் அதிகாரி தன் இஷ்டப்படி மறுக்கலாம் என்கிற விதி செல்லாது என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

இரண்டையும் சேர்த்தா கிடைக்கிற விடை இதுதான்: அனுமதி கேட்கச் சொல்லலாம், ஆனா அந்த அனுமதி ஒருத்தருடைய மூடைப் பொறுத்ததா இருக்கக் கூடாது.

"எங்களது தனியார் கல்லூரி ஆச்சே?" நியாயமான கேள்வி. அடிப்படை உரிமைகள் முதன்மையா அரசைத்தான் கட்டுப்படுத்தும். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், ஐஐடி எல்லாம் அதுல அடங்கும். 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில், 19, 21 பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னாங்க. அதை வச்சு நாளைக்கே ஹால் கிடைச்சிடும்னு அர்த்தம் இல்ல. ஆனா 'தனியார்'னு ஒரு வார்த்தையைச் சொல்லிப் பேச்சை முடிச்சிடவும் முடியாது.

ஐஐடி-யில் நடந்தது

அனுமதிப் பிரச்சினை எப்படி வெடிக்கும்னு பார்க்க, சென்னை ஐஐடி-யில் 2015-ல் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்ல. 2014 ஏப்ரலில் அங்கே மாணவர்கள் 'அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம்' தொடங்கினாங்க. கூட்டம் நடத்துறது, விவாதிக்கிறது, துண்டறிக்கை கொடுக்கிறது, இதுதான் அவங்க வேலை. 2015 ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தை ஒட்டி வந்த ஒரு துண்டறிக்கையில் மத்திய அரசின் கொள்கைகள் மேல விமர்சனம் இருந்தது. பேர் போடாத ஒரு புகார் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போச்சு. அமைச்சகம் மே மாதம் ஐஐடி-யிடம் கருத்துக் கேட்டது. சில நாள்லயே, மே 22-ல், அமைப்பின் அங்கீகாரம் ரத்து.

நிர்வாகம் சொன்ன காரணம், அமைப்புக்குக் கொடுத்த சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்திட்டாங்க, விதிமுறையை மீறிட்டாங்க என்பது. மாணவர்கள் சொன்னது, எங்க தரப்பைக் கேட்கவே இல்லை என்பது. நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. ஜூன் 7-ல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. புகார் எழுந்தது துண்டறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றி. நடவடிக்கைக்குச் சொன்ன காரணம் விதிமுறை. உள்ளடக்கம் பிடிக்கலைன்னு நேரா சொல்ல முடியாத இடத்துல நடைமுறை முன்னாடி வந்து நிற்கும். இது அந்த ஒரு வளாகத்தோட கதை மட்டும் இல்ல.

மூணு கேள்வி வச்சு அளந்து பாருங்க

உங்க கல்லூரியில எந்த விதி வந்தாலும் இந்த மூணையும் கேளுங்க.

1. எல்லாருக்கும் ஒரே விதியா?
2. விதி முன்னாடியே எழுத்துல இருந்ததா, இல்ல உங்க கடிதம் வந்த பிறகு பிறந்ததா?
3. 'முடியாது'ன்னா காரணம் சொன்னாங்களா, உங்க பதிலைக் கேட்டாங்களா?

நல்ல விதிக்கும் ஓர் உதாரணம் சொல்றேன். மாணவர் தேர்தலுக்காக லிங்டோ குழு கொடுத்த பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்படி அச்சடிச்ச போஸ்டர் கூடாது, கையால் செய்தது மட்டும்தான். அதையும் முன்கூட்டியே அறிவிச்ச இடத்துலதான் ஒட்டணும். ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல செலவு செய்யக் கூடாது. சிவகாசிக்காரங்களுக்குக் கேட்டதும் சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த விதி இல்லாட்டி அச்சக முதலாளி பையன் ராத்திரியோட ராத்திரியா காலேஜ் முழுக்கப் பல வண்ணத்துல ஒட்டிடுவான். பட்டாசு ஆலைத் தொழிலாளியோட பொண்ணு கையில ஒரு ஸ்கெட்ச் பேனாதான் இருக்கும். இந்த விதி யார் என்ன சொல்றாங்கன்னு பார்க்கல, எப்படி, எங்கே சொல்றாங்கன்னு மட்டும்தான் பார்க்குது. மூணு கேள்வியிலும் பாஸ்.

நம்ம ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம்

'பட்டாசுத் தொழிலும் தொழிலாளர் பாதுகாப்பும்'னு ஒரு கலந்துரையாடல் நடத்த ஹால் கேட்கிறீங்கன்னு வைப்போம். பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்ல. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தாங்க. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதுக்குப் பிறகு ஆலைகள் மூடிக் கிடந்தப்போ கூலி இல்லாம இருந்தது யார் வீடு? வகுப்புல உங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க வீடாகவும் இருக்கலாம். ஆலை நடத்துறவங்க பிள்ளைகளும் அதே பெஞ்சுலதான் இருக்காங்க. அதனாலதான் இதைப் பேச நம்ம வளாகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்ல.

இப்போ பதில்களைப் பாருங்க. "அன்னைக்கு ஹால்ல பிளேஸ்மென்ட் டிரைவ் இருக்கு, அடுத்த புதன் எடுத்துக்கோங்க" என்பது நியாயம். "பரீட்சை வாரத்துல மைக் வேண்டாம்" என்பதும் நியாயம். "சினிமா பாட்டு நிகழ்ச்சின்னா ஓகே, இது சென்சிட்டிவ் டாபிக், வேண்டாம்" என்பது முதல் கேள்வியிலேயே ஃபெயில். "யாரோ ஆட்சேபம் சொன்னாங்க"ன்னா, என்ன ஆட்சேபம்னு கேட்டு பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தரணும்.

செய்ய வேண்டியது சிம்பிள். எச்ஓடி அறை வாசல்ல நின்னு வாயால கேட்காதீங்க, கடிதமா கொடுங்க. தலைப்பு, தேதி, நேரம், எத்தனை பேர், பேசப் போறது யார், பொறுப்பு எடுக்கிற ஆசிரியர் யார் எல்லாத்தையும் எழுதுங்க. இரண்டு தரப்பையும் கூப்பிடுங்க. அது உங்க கூட்டத்தோட தரத்தையும் கூட்டும், மறுக்கிறவங்க வேலையையும் கஷ்டமாக்கும். ஒரு நகல்ல பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வாங்குங்க. மறுத்தா, காரணத்தை எழுத்துல கொடுங்கன்னு மரியாதையா கேளுங்க. அரசுக் கல்லூரின்னா ஹால் ஒதுக்கும் விதிமுறையையும், கடந்த வருஷம் யார் யாருக்கு ஹால் கொடுத்தாங்க என்பதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாணவர் குறைதீர் குழு அமைக்கணும்னு யூஜிசி-யின் 2023 விதிமுறைகளே சொல்லுது. உங்க கல்லூரியில அதுல யார் இருக்காங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இவ்வளவும் செஞ்ச பிறகும் ஹால் கிடைக்காம போகலாம். அப்பவும் அந்தக் கடித நகலைத் தூக்கிப் போடாதீங்க, ஃபைல்ல வைங்க. அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் அதே கேள்வியோட வருவாங்க. "ஏற்கனவே இந்தத் தேதியில கேட்டோம், இந்தக் காரணம் சொன்னாங்க, அந்தக் காரணம் இப்போ இல்ல"ன்னு அவங்களால ஆரம்பிக்க முடியும்.