இருபது வளைவுகளுக்கு மேலே ஓர் ஊர்

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் சேலத்துச் சுவர்களில் கல்லூரி விளம்பரங்கள் ஏறிவிடும். தனியார் நிறுவனங்கள் பல இப்போது முன்னிறுத்தும் பெருமை, தங்களிடம் பல மாநில மாணவர்கள் படிக்கிறார்கள் என்பது. அரசுக் கல்லூரிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வாய்ப்பில்லை. அங்கே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்.

அதை ஒரு குறையாகப் பார்ப்பதுதான் தவறு.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் அப்பால் சேர்வராயன் மலையில் சிதறிக் கிடக்கும் தலைச்சோலை போன்ற ஊர்களில் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் காபியையும் மிளகையும் நம்பி வாழ்கின்றன. அங்கிருந்து ஒரு பெண் பி.ஏ. படிக்கக் கீழே இறங்கினால், டெல்லியிலிருந்து விமானத்தில் வந்து சேரும் மாணவரைவிட அவள் கடந்த தூரம் அதிகம். ஆனால் மாநிலங்களை எண்ணும் கணக்கில் அவள் வெறும் 'உள்ளூர்'.

அவளைக் கீழே வரவைப்பது கல்விக் கட்டணம் இல்லாததுதான். அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணம் 2007-ல் ரத்தானது. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். தனியார் பொறியியல் கல்லூரியிலோ, 2017-லேயே கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என நிர்ணயித்தார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000. வெளிமாநில மாணவர்கள் திரளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இது லட்சங்களுக்குப் போகும். நாடு முழுக்க நுழைவுத்தேர்வு நடத்தி, அந்தப் பணத்தைக் கட்டக்கூடிய வீடுகளிலிருந்து ஆளெடுத்தால் வரைபடத்தில் நிறையப் புள்ளிகள் விழத்தான் செய்யும்.

தனியார் கல்லூரிக் கட்டணத்துக்குப் பழங்குடி மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. கையில் காசு புழங்கும் காலம் அதுதான். கல்லூரி சேர்க்கையோ ஜூனில், வீட்டில் வறட்சி உச்சத்தில் இருக்கும்போது. பிறகு வரப்போகும் தொகையைக் காட்டி இன்றைக்குக் கட்ட வேண்டியதைக் கட்ட முடியாது.

கல்விக் கட்டணம் இல்லாத அரசுக் கல்லூரியும் இந்த மலைக்கு எட்டாமல் போகும் ஒரு காரணம் உண்டு. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை: இரவு எங்கே தங்குவது? மலையுச்சி ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சேலத்தில் இன்னொரு பஸ் மாறி, காலை வகுப்புக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்புவது மழைக்காலத்தில் நடக்காத காரியம். இலவச பஸ் பாஸ் பயணச்செலவைத்தான் மிச்சப்படுத்தும், நேரத்தையல்ல. பெண் பிள்ளை என்றால் பெற்றோர் முதலில் கேட்பது விடுதியைப் பற்றித்தான். அது உறுதியாகாவிட்டால் சேர்க்கைக் கடிதம் வீட்டு அலமாரியிலேயே கிடக்கும். அவள் மறுபடி தோட்டத்துக்குப் போவாள்.

ஆகவே அரசு முதலில் செய்ய வேண்டியது எளிது. மலைக் கிராமத்து மாணவிக்குக் கல்லூரி இடம் ஒதுக்கும் அதே நாளில், அதே தாளில், விடுதிக் கட்டிலையும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.