கியர் பாக்ஸ் போனால் டிராக்டரே போச்சா?

பழுது பார்ப்பதா, மாற்றுவதா? பட்டறைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

‘‘அண்ணே, வண்டி மூணாவது கியர்ல நிக்க மாட்டேங்குது. போட்ட கொஞ்ச நேரத்துல கழண்டு நியூட்ரலுக்கு வந்துடுது.’’

‘‘எத்தனை நாளா இப்படி இருக்கு தம்பி?’’

‘‘ஒரு மாசமா இருக்குண்ணே. கியர் ராடைக் கையால அமுக்கிப் பிடிச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு உள்ளே கடகடன்னு சத்தம் வரவும் நிறுத்திட்டேன்.’’

‘‘அந்த ஒரு மாசம்தான் தம்பி உனக்குச் செலவே!’’

வைகை அணையில் தண்ணீர் திறக்கும் தேதி நெருங்கிவிட்டால், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் வட்டாரத்து டிராக்டர் பட்டறைகளில் இது வழக்கமாகக் கேட்கும் பேச்சு. பெரியாறு-வைகைப் பாசனத்தில் இருபோக நிலம் 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பகுதிகளை உள்ளடக்கிய ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தொளி உழவு. அந்த நேரத்தில் கியர் பாக்ஸ் மக்கர் செய்தால் கை கால் ஓடாது. ‘எவ்வளவு ஆனாலும் சரி, நாளைக்கு வண்டி வேணும்’ என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருக்கும் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கக்கூடிய முடிவு, அரை நாளில் எடுக்கப்படுகிறது. அவசரத்திலும் ஒரு வரிசைப்படி யோசித்தால், இந்தச் செலவைப் பெருமளவு கட்டுப்படுத்தலாம்.

கோளாறு கியர் பாக்ஸில்தானா?

கியர் விழவில்லை, ‘கர்ர்’ என்று பல் உரசுகிறது என்றாலே கியர் பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமல்ல. முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்சை. பெடலை முழுதாக மிதித்தும் கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்றால், உள்ளே தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது எந்தப் புதிய கியரும் உரசத்தான் செய்யும். பெடலின் ‘ஃப்ரீ ப்ளே’யை உரிமையாளர் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்து பார்த்தாலே, சில வண்டிகளில் சிக்கல் தீர்ந்துவிடும்.

சத்தத்தை வைத்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுக் கவனியுங்கள். கிளட்சை மிதித்ததும் சத்தம் நின்றால், கியர் பாக்ஸின் முன்தண்டு பேரிங்கில் கோளாறு இருக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்த கியரின் பல்லையும், எல்லா கியரிலும் இரைச்சல் என்றால் பேரிங்குகளையும் சந்தேகிக்க வேண்டும்.

கியர் தானாகக் கழன்றுகொள்வதற்கு, அதைப் பிடித்து நிறுத்தும் சிறிய பாலும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே கவனித்தால் இது சின்ன வேலை. கையால் அமுக்கிப் பிடித்து ஓட்டினால் ஷிஃப்டர் ஃபோர்க் தேயும். கியர் பற்கள் பாதி மட்டும் கவ்வி ஓடி, முனை மழுங்கும். ஒரு பல் உடைந்து விழுந்தால், அந்தத் துண்டு மற்ற கியர்களுக்கு நடுவே சிக்கி மொத்தத்தையும் நாசமாக்கிவிடும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. டிரெய்லரில் லோடு ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரை இறக்கத்தில் வரும்போது கியர் கழன்றால், இன்ஜினின் பிடிமானம் போய்விடும். மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். கியர் நிற்காத வண்டியில் லோடு ஏற்றவே கூடாது.

பிரித்த பிறகே விலை பேசுங்கள்

வண்டியைப் பிரிக்காமலே ‘இவ்வளவு ஆகும்’ என்று யார் சொன்னாலும் அது குத்துமதிப்புதான். பிரித்துக் காட்டுவதற்கான கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது வீட்டிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. கழற்றிய பாகங்களை வரிசையாக வைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தெந்தப் பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

கியர் பாக்ஸைத் திறக்க டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்கக் கூடாது. அதனால் ஒரு பேரிங்தான் போயிருந்தாலும், ஆட்டம் காணும் மற்ற பேரிங்குகள், ஆயில் சீல்கள், கேஸ்கட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுவது லாபம். கிளட்ச் பிளேட் தேயும் நிலையில் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஒன்றோடொன்று கவ்வி ஓடும் கியர்களை ஜோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லோடு புதுப் பல்லை ஓடவிட்டால் புதியதும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

‘உடைஞ்ச பல்லுக்கு வெல்டு வெச்சுத் தேய்ச்சுக் கொடுத்திடலாம்’ என்ற யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். கியர் பல்லின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினத்தன்மை போய்விடும்.

ஹவுசிங்தான் நீதிபதி

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பதற்குத் தீர்ப்புச் சொல்வது ஹவுசிங் என்கிற இரும்புக் கூடுதான். அது விரிசல் இல்லாமல், பேரிங் உட்காரும் துளைகள் தேயாமல் இருந்தால், உள்ளே இரண்டு மூன்று கியர் போயிருந்தாலும் பழுது பார்ப்பதுதான் பெரும்பாலும் சிக்கனம். துளை தேய்ந்து பேரிங் ஆடினால், எத்தனை புது கியர் போட்டாலும் தண்டுகள் நேராக நிற்காது. அடுத்த போகத்துக்குள் பழைய சத்தம் திரும்பிவிடும். துளையைக் கடைந்து புஷ் அடிக்கலாம். ஆனால், துல்லியமாகச் செய்யும் வசதியுள்ள லேத் பட்டறையாக இருக்க வேண்டும். ஹவுசிங்கில் விரிசல், தண்டுகளிலும் தேய்மானம், பாதிக்கு மேல் கியர்கள் சேதம் என்றால் முழு கியர் பாக்ஸை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

புது கியர் பாக்ஸ் விலை கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகவும், கியர் பாக்ஸ் உள்ளிட்ட குறிப்பிட்ட சில டிராக்டர் பாகங்களுக்கு 18-லிருந்து 5 சதவிகிதமாகவும் குறைக்கப்பட்டது. எல்லா உதிரிபாகத்துக்கும் இது பொருந்தாது. பில் போட்டு வாங்கி, என்ன வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பழைய கியர் பாக்ஸ் வாங்கினால்..?

காயலாங்கடையிலோ, பிரித்து விற்கும் இடத்திலோ அதே மாடல் கியர் பாக்ஸ் மலிவாகக் கிடைக்கலாம். மேல் மூடியைத் திறந்து பல்லைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எல்லா கியரிலும் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டு முன்னும் பின்னும் ஆடக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே குதிரைத்திறன் என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு பல் எண்ணிக்கை மாறியிருக்கலாம். உங்கள் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

டிராக்டருக்கு லாரிபோலத் தனிச் சட்டம் (ஃப்ரேம்) கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு மூன்றும் சேர்ந்துதான் உடம்பு. அதனால் சில மாடல்களில் சேஸிஸ் எண், டிரான்ஸ்மிஷன் ஹவுசிங்கிலேயே குத்தப்பட்டிருக்கும். அதை மாற்றினால் ஆர்.சி-யில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. நாளைக்கு விற்கும்போதோ, இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ சிக்கலாகும். அப்படிப்பட்ட மாடல் என்றால், மாற்றும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத, ரசீது இல்லாத பொருளைத் தொடவே வேண்டாம்.

யாருக்கு லாபம்? ஒரு மாதிரிக் கணக்கு

பழுது பார்க்க 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி டிராக்டர் வாடகை மணிக்கு 1,000 ரூபாய். சொந்த வண்டிக்கு டீசல், பராமரிப்பு மணிக்கு 450 ரூபாய். இவை உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

சொந்த நிலம் 4 ஏக்கர், இரண்டு போகம், போகத்துக்கு ஏக்கருக்கு 4 மணி நேர உழவு என்றால் ஆண்டுக்கு 32 மணி நேரம். மணிக்கு 550 ரூபாய் மிச்சம் என்றால், ஆண்டுக்கு 17,600 ரூபாய். செலவழித்த பணம் திரும்ப ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் ஆகும். நகைக்கடன் வட்டி தனி.

அதே வண்டியை ஆண்டுக்கு 400 மணி நேரம் வாடகைக்கு ஓட்டுபவர், டிரைவர் கூலி 150 ரூபாய் போக மணிக்கு 400 ரூபாய் பார்த்தால், 150 மணி நேரத்தில் செலவை எடுத்துவிடுவார். இவர் தாராளமாகப் பழுது பார்க்கலாம்.

முதலாமவர் கொஞ்சம் நிதானிக்கலாம். இந்தப் போகத்தை வாடகை வண்டியில் முடித்துவிட்டு, வேலை குறைந்த மாதங்களில் பொறுமையாகப் பழுது பார்க்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர்களை உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யும் இ-வாடகை வசதி இருக்கிறது. தொளி உழவு உச்சத்தில் வண்டி கிடைப்பது கஷ்டம் என்பதால், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாற்று வயது கடந்துபோகும் நிலையில் வாடகை வண்டி கிடைக்கவில்லை என்றால், அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

‘பழசை வித்துட்டுப் புதுசு எடுத்திடலாமா?’ என்ற கேள்விக்கு கியர் பாக்ஸை மட்டும் பார்க்கக் கூடாது. இன்ஜின் புகை கக்கி ஆயில் குடிக்கிறதா, ஹைட்ராலிக் சுமை தூக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸ் மட்டும் போயிருந்தால் வண்டிக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. இன்ஜினும் சேர்ந்து போயிருந்தால், மேலும் பணத்தைக் கொட்டாமல் இருக்கிற நிலையிலேயே விற்பதை யோசிக்கலாம்.

கேள்வி-பதில்

‘தொளி உழவுக்குப் பிறகு கியர் ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது. ஆயில் மாற்றினால் போதுமா?’

போதாது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பின் அச்சு ஆயில் சீல், கியர் ராடின் ரப்பர் உறை, காற்றுப் போகும் பிரீதர் ஆகியவற்றில் எது வழிவிட்டது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே புது ஆயில் ஊற்ற வேண்டும். கேஜ் வீல் போட்டு ஆழமான சேற்றில் ஓட்டுபவர்கள், போகம் முடிந்ததும் ஆயிலைப் பார்த்துவிடுவது நல்லது. வடித்த ஆயிலில் பொடியாகத் துகள் இருந்தால் தேய்மானம். பல் துண்டு வந்தால் வண்டியை அதோடு நிறுத்துங்கள்.

‘கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையுமாமே?’

சத்தம் குறையலாம், தேய்மானம் குறையாது. பல மாடல்களில் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். கிரேடு மாறினால் ஹைட்ராலிக்கும் பிரேக்கும் சேர்ந்து கெடும். கையேட்டில் சொன்ன ஆயிலை, சொன்ன மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் சரி.

பட்டறையில் அந்த அண்ணன், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில்தான் எல்லோரும் கேட்க விரும்புவது: ‘‘கூடு நல்லாருக்கு தம்பி. ஜோடி கியரும் பேரிங்கும் மாத்துனா ஓடும். ஆனா, அடுத்த தடவ கியர் கழண்டா, அன்னிக்கே கொண்டாந்துரு.’’