நூற்பாலைகளில் நவீன அடிமைமுறை: வழங்கல் தொடரில் வணிக நிறுவனங்களின் பொறுப்பு

தமிழகத்தின் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பணியமர்த்தல் முறை நிலவி வந்தது. வறிய குடும்பத்து இளம்பெண்கள் தரகர் வாயிலாக, பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, ஆலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். ஊதியத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் பிடித்துவைக்கப்பட்டு, ஒப்பந்த முடிவில் திருமணச் செலவுக்கான மொத்தத் தொகையாகத் தரப்படும் என்பது வாக்குறுதி. நோயுற்றோ மனமொடிந்தோ இடையில் விலகுபவர் அத்தொகையை இழக்க நேரும். விடுதிக் காவலைவிட இவ்விழப்பச்சமே அவர்களை வலுவாகப் பிணித்தது எனலாம். ‘சுமங்கலி’ என்னும் மங்கலச் சொல் இதில் ஆற்றிய பங்கு தனி ஆய்வுக்குரியது.

தண்டனை அச்சத்தின்கீழ், விருப்பமின்றிப் பெறப்படும் உழைப்பைக் கட்டாய உழைப்பு எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையறுக்கிறது. ஊதியத்தைப் பிடித்துவைத்தல் அதன் அறிகுறிகளுள் ஒன்று. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் இந்திய உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழாகப் பெற்று உழைப்பதும் அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே எனத் தீர்ப்பளித்தமை இங்கு நோக்கத்தக்கது.

அயல்நாட்டு ஆடை நிறுவனங்களின் தணிக்கையில் இம்முறை எளிதில் புலப்படுவதில்லை. அவற்றின் ஒப்பந்தம் ஆடை தைக்கும் ஆலையோடுதான். தணிக்கையாளர் செல்வதும் அங்கேதான். நூல் எந்த ஆலையிலிருந்து வந்தது என்னும் வினா பெரும்பாலும் எழுவதேயில்லை. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களிடம் ஆண்டறிக்கை கோருகிறது. ஆனால், நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை என்று அறிவித்தாலே அக்கடமை நிறைவேறிவிடும்.

எனவே, நூற்பாலை வரையுள்ள வழங்குநர்களைக் கண்டறிந்து அவர்களின் பட்டியலை வெளியிடுவது முதற்பணியாகிறது. மேலாளர் முன்னிலையில் வினவினால் உண்மை விடை கிடைக்காது. ஊதியச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு நோக்கவேண்டும். இவற்றினும் முதன்மையானது கொள்முதல் முறை. விலையையும் தவணையையும் ஒருங்கே குறைத்துவிட்டு நன்னடத்தை விதிகளை அனுப்பும் நிறுவனம், தான் தடைசெய்யும் குற்றத்துக்குத் தானே வழிகோலுகிறது.

பெண் தொழிலாளி ஒருவரின் கொலையைத் தொடர்ந்து 2022இல் உருவான திண்டுக்கல் ஒப்பந்தம் வேறொரு வழியைக் காட்டுகிறது. பாலியல் வன்முறையையும் துன்புறுத்தலையும் தடுப்பதே அதன் நோக்கம். தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவையும் கட்டுப்பட்டன. பயிற்சி பெற்ற தொழிலாளரே கண்காணிக்கின்றனர். விதி மீறப்பட்டால் வழங்குநரின் வணிகம் பாதிக்கப்படும். இடையில் விலகும் பெண்ணுக்கு அதுவரை ஈட்டிய ஊதியம் முழுவதும் சேர்ந்ததா என்பதையும் இத்தகைய கண்காணிப்பின் வரம்புக்குள் கொண்டுவருதல் வேண்டும்.