உங்களுக்குத் தெரியுமா? அகமதாபாத்தின் செங்கலும் கான்கிரீட்டும்

அகமதாபாத் போகிறவர்கள் பெரும்பாலும் சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு, பழைய மசூதிகள் என்று பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். 1411-ல் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம். 2017-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரம் என்ற தகுதியை இந்தியாவிலேயே முதலில் பெற்றதும் இதுதான். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் இங்கே எழுந்த கட்டடங்களைப் பார்ப்பதற்கென்றே வெளிநாடுகளிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள். நம்மவர்களில் பலர் அவற்றைப் பார்க்காமலே கடந்துபோவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

◆ சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியேவுக்கு அங்கே வேலை கொடுத்தது அரசாங்கம். அகமதாபாத்தில் அவரை ஆதரித்தவர்களில் முக்கியமானவர்கள் பஞ்சாலை முதலாளிகள். 1951-ல் இங்கு வந்தவர், இந்த ஊருக்கென்று நான்கு கட்டடங்களைக் கொடுத்தார்: ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடம், சன்ஸ்கார் கேந்திரா அருங்காட்சியகம், இரண்டு வீடுகள்.

◆ நான்கில் முதலில் பார்க்க வேண்டியது, ஆசிரம சாலையில் இருக்கும் ஆலை உரிமையாளர் சங்கம் (1954). சாலையிலிருந்து ஒரு நீண்ட சரிவுப்பாதை நேராக முதல் மாடிக்கு ஏறுகிறது. மேற்கு முகம் முழுக்கக் கான்கிரீட் தடுப்புகள். ஒவ்வொன்றும் சாய்வாகத் திரும்பி நிற்பதால் பிற்பகல் வெயில் உள்ளே விழாது. பின்பக்கம், ஆற்றைப் பார்க்கும் கிழக்கு முகத்தில் அதே தடுப்புகள் நேராக நிற்கின்றன. ஆற்றுக்காற்று தடையில்லாமல் வரும். வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய மூடிய செங்கல் சுவர். சூரியன் எங்கே நிற்கும், காற்று எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிய கட்டடம் இது. அன்று மாடியில் நின்றால், ஆற்று மணலில் சாயத் தொழிலாளர்கள் துணி அலசிக் காயப்போடுவது தெரியும். இன்று அந்த மணல் இல்லை; இரு கரையிலும் கான்கிரீட் நடைபாதை வந்துவிட்டது.

◆ மனோரமா சாராபாய்க்காக கொர்பூசியே கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் புல் வளர்த்தார்கள். அந்த மாடியிலிருந்து ஒரு கான்கிரீட் சறுக்குமரம் நேராகக் கீழே நீச்சல் குளத்துக்குள் இறங்குகிறது! வீட்டுப் பையன்களுக்காகச் செய்தது.

◆ இன்னொரு வீடான ஷோதன் வில்லாவை முதலில் கேட்டவர் வேறொருவர். ஆலை உரிமையாளர் சங்கத்தின் செயலர். அவர் வரைபடத்தை விற்றுவிட, ஷோதன் வாங்கி வேறு மனையில் கட்டினார்.

◆ கொர்பூசியேவின் பாரிஸ் அலுவலகத்தில் ஆரம்ப மாதங்களில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்த இளைஞர் பாலகிருஷ்ண தோஷி. அகமதாபாத் வேலைகளை மேற்பார்வையிட வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். 2018-ல், 90 வயதில், கட்டடக்கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் ஆனார். அவருடைய அலுவலகமான ‘சங்கத்’ பாதி தரைக்குள் புதைந்திருக்கும். மேலே வளைகூரைகள்; அவற்றின் மீது உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகள். நம் ஊர் மொட்டைமாடிகளில் வெயிலைத் திருப்பியடிக்கப் பதிப்பார்களே, அதே வேலைதான்.

◆ அதே பீங்கான் சில்லை இன்னும் துணிச்சலாகப் பார்க்க வேண்டுமானால் ‘அம்தாவாத் நி குஃபா’வுக்குப் போங்கள். ஓவியர் எம்.எஃப்.ஹுசைனுக்காக தோஷி 1990-களில் கட்டிய நிலத்தடி ஓவியக்கூடம். வெளியே ஆமை ஓடுகள் போன்ற குமிழ்கள். உள்ளே இறங்கினால் நேரான சுவர் ஒன்றுகூடக் கிடையாது, தரையும் மேடுபள்ளம், தூண்கள் மரங்களைப்போலச் சாய்ந்து நிற்கும். கம்பிவலை மேல் சிமெண்ட் பூசிய மெல்லிய ஓடுதான் மொத்தக் கூரையும். வடிவத்தைக் கணக்கிட்டது கணினி. கட்டியவர்கள் கைக்கருவிகளோடு வந்த பழங்குடித் தொழிலாளர்கள்.

◆ ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைக்க அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானை அழைத்துவர முயற்சி எடுத்தவரும் தோஷிதான். 1962-ல் தொடங்கிய வேலை. பூச்சில்லாத செங்கல், சுவர்களில் ஆள் உயரத்தைத் தாண்டிய வட்டத் திறப்புகள். ஒரு வளைவின் கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள்: செங்கல் வளைவு இருபுறமும் விரிய முயல்கிறது, அதன் அடியில் ஓடும் கான்கிரீட் உத்தரம் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. எந்தப் பொருள் எந்தச் சுமையைத் தாங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். 1974-ல் இந்தியாவிலிருந்து திரும்பிய கான், நியூயார்க் ரயில் நிலையத்திலேயே இறந்துபோனார். மிச்ச வேலைகளை அனந்த் ராஜே தொடர்ந்தார்.

2020 இறுதியில், சேதமடைந்த மாணவர் விடுதிகளில் பெரும்பாலானவற்றை இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உலகெங்குமிருந்து கட்டடக் கலைஞர்கள் எதிர்த்தார்கள்; 2021 தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 2022-ல் மறுபடி புதிதாகக் கட்டும் பேச்சு எழுந்தது. ஆனால் அதே வளாகத்தின் விக்ரம் சாராபாய் நூலகத்தைப் பழுதுபார்த்து மீட்டதற்கு 2019-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்திருக்கிறது. மீட்க முடியும் என்பதற்குச் சான்று அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

◆ ஐ.ஐ.எம். சின்னம் எங்கிருந்து வந்தது? 1573-ல் கட்டிய சிதி சையது மசூதியின் கல் ஜன்னலில் கிளைவிரிக்கும் மரத்திலிருந்து.

◆ சபர்மதி ஆசிரமத்துக்குப் போனவர்கள் ராட்டையைப் பார்ப்பார்கள். தலைக்கு மேல் உள்ள கூரையைப் பார்ப்பது அரிது. அங்குள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தை சார்லஸ் கொரியா தன் முப்பதுகளின் தொடக்கத்தில் கட்டி முடித்தார். 1963-ல் நேரு திறந்துவைத்தார். ஆறு மீட்டர்ச் சதுர அறைகள், சில மூடியவை, சில திறந்தவை, நடுவே நீர்த்தொட்டி உள்ள முற்றம். ஓட்டுக்கூரை. ஜன்னலில் கண்ணாடியே கிடையாது, மரச்சட்டங்கள்தான். கூரைகளுக்கு இடையே ஓடும் கான்கிரீட் உத்தரங்கள் மழைநீரையும் கடத்துகின்றன. காந்திக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடத்தை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

◆ தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) 1961-ல் இங்கே பிறந்தது. அதற்கு அடிப்படை, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் எழுதிய அறிக்கை. நல்ல வடிவமைப்புக்கு அவர்கள் எடுத்த உதாரணம் நம் வீட்டுச் செம்பு! ஸ்டேட் வங்கியின் நீல வட்டச் சின்னமும், தூர்தர்ஷனில் சுழன்று சேரும் கண்ணும் இந்த நிறுவனத்தாரின் கைவண்ணம்.

◆ புதுச்சேரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை 1930-களில் உடனிருந்து கட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா. பிற்பாடு மரச்சாமான் கலைஞராகப் பெயர்பெற்ற அவர், 1964-ல் என்.ஐ.டி.க்கு வந்து நாற்காலி, மேஜைகள் வடிவமைத்துக் கொடுத்தார்.

◆ போகிறீர்களா? காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து ஜும்மா மசூதி வரை செல்லும் பாரம்பரிய நடையில் சேர்ந்துகொள்ளுங்கள். 1997 முதல் நடக்கிறது. ‘போள்’ எனும் குறுகிய தெருக்களின் நிழல், முற்றத்துக்கு அடியில் மழைநீர் சேர்க்கும் தொட்டி, தூண்மேல் பறவைகளுக்கான ‘சபூத்ரோ’ எல்லாம் பார்த்துவிட்டு மதியம் ஆற்றைக் கடந்தால், கொர்பூசியேவும் கொரியாவும் நிழலுக்கு ஏன் இத்தனை மெனக்கெட்டார்கள் என்பது உடனே பிடிபடும். சாராபாய், ஷோதன் வீடுகள் தனியார் இல்லங்கள். அனுமதி இல்லாமல் வாசலில் நிற்க வேண்டாம். ஐ.ஐ.எம்., என்.ஐ.டி. வளாகங்களுக்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வசதியான காலம் என்பார்கள். வெயில் தாங்குகிறவர்கள் மார்ச் கடைசியில் போங்கள். ஆலை உரிமையாளர் சங்கத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள்.