சிறிய தீவின் ஓட்டச் சாதனைகள்

காஞ்சிபுரத்துப் பள்ளித் திடலில் அளந்த நூறு மீட்டரும் பெர்லின் அரங்கில் அளந்த நூறு மீட்டரும் ஒன்றே. தொலைவும் நேரமும் உலகெங்கும் பொதுவாதலால், ஒரு சிறிய நாட்டின் தேசியச் சாதனையை உலகச் சாதனையோடு நேரே ஒப்பிட இயலும். தமிழகத்தின் அண்டை நாடாகிய இலங்கை இதற்குத் தக்க சான்று.

1948-ஆம் ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க 200 மீட்டரை 22.28 வினாடிகளில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கத்தை இழக்கவே, சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. முதலிடத்திற்கு உயர்ந்த பகாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27. பொன்னுக்கும் வெள்ளிக்கும் இடையே நின்றது ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கே.

ஒப்பிடும் முறை

வெவ்வேறு தொலைவுகளின் சாதனைகளை ஒப்பிட, வினாடி வேறுபாட்டைவிட விழுக்காடே பொருத்தமானது. ஆடவர் 100 மீட்டரில் உசைன் போல்ட்டின் உலகச் சாதனை 9.58 வினாடி. யுபுன் அபேகோன் 2022-இல் 9.96 வினாடிகளில் ஓடி, பத்து வினாடிக்குள் ஓடிய முதல் தெற்காசியரானார். இடைவெளி ஏறத்தாழ 4 விழுக்காடு. ஓடுதளத்தில் அது நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுகத் திலகரத்ன 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரை 44.61 வினாடிகளில் ஓடினார். உலகச் சாதனை 43.03, இங்கும் இடைவெளி 4 விழுக்காட்டிற்குள்ளேயே அடங்குகிறது. 2025-இல் தமிழக வீரர் விஷால் சென்னையில் 45.12 வினாடிகளில் ஓடி இந்தியத் தேசியச் சாதனை படைத்தார். அந்நேரமும் சுகத்தின் நேரத்திற்கு அரை வினாடி பிந்தியதே.

ஒப்பிடுங்கால் சூழலையும் கருத வேண்டும். பின்காற்று வினாடிக்கு இரண்டு மீட்டரை மிகுமாயின் குறுந்தொலைவு ஓட்டத்தின் நேரம் சாதனையாக ஏற்கப்படாது. உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவாதலால் விரைவோட்டம் எளிதாகும். யுபுன் சாதனை படைத்த சுவிட்சர்லாந்து நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ளது.

சாதனையும் தொடர்ச்சியும்

சுகத், சுசந்திகா ஆகியோரின் சாதனைகள் கால் நூற்றாண்டாக நிலைத்துள்ளன. இது அவர்தம் ஆற்றலுக்குப் பெருமை; ஆயினும், அவ்வுயரத்தை எட்டும் அடுத்த தலைமுறை உருவாகவில்லை என்பதையும் உணர்த்துகிறது. யுபுனும் இத்தாலியில் தங்கிப் பயிற்சி பெற்றே முன்னேறினார்.

இதற்கு மக்கள்தொகையைக் காரணமாகக் கூற இயலாது. ஜமைக்காவின் மக்கள்தொகை இலங்கையின் மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. எனினும், 100 மீட்டர் உலகச் சாதனையே அந்நாட்டின் தேசியச் சாதனையாகவும் விளங்குகிறது. அங்கு 1910 முதல் நடைபெற்றுவரும் பள்ளிகளுக்கிடையேயான தடகளப் போட்டி, தலைமுறைதோறும் புதிய ஓட்ட வீரர்களை அடையாளம் காட்டி வருகிறது. தனியொருவரின் திறமை ஒரு சாதனையைத் தரும். அதனை முறியடிக்கும் அடுத்த வீரரைத் தருவது பள்ளித் திடலில் தொடங்கும் இடைவிடாத பயிற்சியே.